தீராந்தி

களுவாஞ்சிகுடி இரும்புக் கடையில்
நாலு முழம் கயிறு என்றேன்.
இஸ்ஸதீன் நானா ஆணி நிறுப்பதை விட்டுவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்.
கடன் வசூலிக்கும் மோட்டார் சைக்கிள்கள்
ஒழுங்கை ஒழுங்கையாய்த் திரிகிற காலம்;
தனியே கயிறு வாங்க வரும் பொம்பிளையை
இரண்டாந்தரமும் பார்க்கத்தான் செய்வார்கள்.
"என்னத்துக்கு புள்ள?"
"அவர் பிடிச்சு எழும்ப, நானா.
கட்டிலுக்கு மேல ஒரு கம்பி கட்டோணும்."
மூச்சை விட்டார்.
"அப்ப கயிறு வேணாம். இழுபடும், எலி அரிக்கும்.
சங்கிலி கொண்டு போ."

சீனி வருத்தம் பேரின்பத்தின் வலக்காலை
முழங்காலுக்கு மேலே எடுத்துக்கொண்டது.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்
துண்டு வெட்டும்போது எழுதினார்கள்:
எடை எழுபத்தொரு கிலோ.
போகும்போது எழுபத்தெட்டு.
அந்த ஏழு கிலோவை எங்கே வைத்தார்கள் என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
மிச்சத்தை
நாளைக்கு ஒன்பது தரம் தூக்கினேன்,
என் நாரி போகும்வரை.

சீலிங் பலகை வெள்ளையாய், வடிவாய் இருக்கும்.
கடல் வந்துபோன பிறகு கட்டித்தந்த வீடு.
அந்தப் பலகை ஒன்றையும் தாங்காது;
ஒரு பல்புக் கூட்டுக்கே
மாவாய் உதிர்ந்து கண்ணில் விழும்.
தீராந்தி மேலே, இருட்டுக்குள்.
தும்புத்தடிக் காம்பால் தட்டிக்கொண்டு போனேன்:
டொங், டொங், டொங்,
வெறும் வயிறு.
டொக்.
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
அது பிழை.
முதல் துளை நேரே காற்றுக்குள் போனது.
நாலு விரல் தள்ளி இரண்டாவது;
அதிலிருந்துதான் மஞ்சள் சீவல்
சுருண்டு சுருண்டு விழுந்தது. முதிரை.

வெல்டிங் பெடியன் டிலக்சன் வந்தான்.
"கொளுக்கி ஆணி காணாதக்கா.
திருகினது ஒருநாள் கழண்டு வரும்.
ஊடறுத்துப் போல்ட் போட்டு,
மேல தகடு வச்சு நட்டை இறுக்கோணும்.
ஓரத்தில வேணாம், நடு மரத்தில."
ஓட்டைக்குள் டோர்ச் அடித்து
கறையான் மண் இருக்கிறதா என்று பார்த்தான்,
பல் பிடுங்குகிற டொக்டரைப்போல ஒரு கண்ணை மூடி.
"தொங்குற பாரம் வேற, இழுக்குற பாரம் வேற.
ஆள் வெட்டி இழுத்தா ரெண்டு மடங்கு."

ஆகவே இரண்டு நெல் மூட்டை,
அறுபத்தைந்தும் அறுபத்தைந்தும்.
கட்டிலை அகற்றி, மேசையில் ஏற்றி,
சங்கிலியில் கொளுவி, மேசையை உருவினோம்.
மூட்டையின் அடிமட்டத்துக்குச் சுவரில்
கரியால் ஒரு கோடு.

இரவு முழுக்க மரம் ஏதோ முனகியது.
ஒரு தரம் கறக் என்றது.
விறாந்தைப் பாயில் கிடந்தபடி அவர்,
"விழுந்திட்டா?"
"இல்ல."
கொஞ்சம் கழித்து,
"விழுந்திட்டா?"
"படுங்க."
மூன்றாந்தரம் அவர் கேட்கவில்லை.
நான்தான் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

விடிய, கோடும் மூட்டையும்
சொன்ன இடத்தில் நின்றன.

டிலக்சன் கிணற்றடிக்குக் கை கழுவப் போன நேரம்
கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
கால்களை மடக்கினேன்.
ஐம்பத்திரண்டு கிலோ.
பங்குனியிலிருந்து தூக்கிக்கொண்டே இருக்கிறேன்;
என்னை ஒன்று தூக்கியது
அன்றைக்குத்தான்.
நாரி எலும்புகள் ஒவ்வொன்றாய்
ஒன்றையொன்று விட்டுத் தள்ளி நின்றன.
பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த பிறகும்
கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

பிறகு அவர்.
பிடித்தார், வெட்டி இழுத்தார்
(மெதுவாய் என்று சொன்னது யாருக்குக் கேட்டது),
எழும்பி இருந்தார்.
யன்னலைப் பார்த்தார்.
கம்பியைப் பார்த்தார்.
"ரெண்டு அங்குலம் உசரம்கா."

சங்கிலியில் ஒரு கண்ணி இறக்கினோம்.

அந்த முதல் துளையை இன்னும் அடைக்கவில்லை.
அவர் எழும்பும் ஒவ்வொரு தரமும்
அதிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளை மாவு
தலையணையில் கொட்டுகிறது.
இருந்தபடியே திரும்பி
அவரே ஊதிவிடுகிறார்.